காத்து பங்களாவுக்கு ரெண்டு தடவை போனேன்

கோவில்பட்டியில டீ கேட்டா சிரிச்சிக்கிட்டே குடுக்காவ. தண்ணி கேட்டா மூஞ்சியப் பாக்காவ. ரயிலை விட்டு எறங்கி ஸ்டேசனுக்கு வெளிய இருந்த கடையில நான் மொதல்ல கேட்டது தண்ணிதான். கடைக்காரரு என்னையப் பாத்தாரு, எங்க சித்தப்பாவைப் பாத்தாரு, பொறவு அரை டம்ளரு மோந்து வச்சாரு. எங்க ஊருல முன்னப்பின்ன தெரியாத ஆளு வந்தாலும் செம்பு நெறையத் தண்ணியும் ஒரு துண்டு கருப்பட்டியும் குடுத்துட்டுத்தான் பேரைக் கேப்போம். இது ஏமாத்துத ஊருன்னு நான் அந்த எடத்துலயே முடிவு கட்டிட்டேன்.

நான் உடன்குடிப் பக்கம். செவத்த மணலும் பனையும்தான் எங்களுக்கு. அஞ்சாப்பு வரைக்குந்தான் படிச்சேன், பேசுத மாதிரிதான் எழுத வரும்.

எங்கண்ணன் தங்கராசு கொத்தனாரு. கோவில்பட்டியில ஒரு தீப்பெட்டி ஆபீஸ் மொதலாளி, எட்டயபுரத்துக்கும் நாகலாபுரத்துக்கும் நடுவுல கம்மாக்கரையில கெடந்த, காத்து பங்களான்னு சொல்லுத பழைய ஜமீன் பங்களாவை வாங்கி, கோடையில வந்து தங்குததுக்காக சரி பண்ணிக்கிட்டிருந்தாரு. அண்ணன் அதுல வேலை பாத்தான். சித்திரை கடேசியில அடுக்களைச் சுவரு விழுந்து செத்துப் போனான். இருவத்தாறு வயசு. ஆனி மாசம் ஒரு கார்டு வந்தது, அவன் சாமானெல்லாம் பங்களாவுல இருக்கு, வந்து வாங்கிக்கிடுங்கன்னு.

எங்கம்மை படுத்த பாயை விட்டு எந்திரிக்கல. "கம்மாக்கரை பங்களாவுக்குப் பலி குடுத்துட்டாவட்டி. எம்பிள்ளையக் கொன்னவன் யாருன்னு கேட்டுட்டு வா. சாமான் கெடக்கட்டும்"ன்னா. அதுக்குத்தான் போனேன். தொணைக்கு வந்தது சித்தப்பா. அவரு யாரு என்ன சொன்னாலும் நம்புத ஆளு. கடம்பூர்ல ரயிலு நின்னதும் போளி வாங்கித் திங்க ஆரம்பிச்சிட்டாரு. அண்ணன் ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தப் போளிதான் வாங்கிட்டு வருவான். எனக்கு நீட்டுனாரு. நான் சன்னலைப் பாத்துத் திரும்பிக்கிட்டேன்.

மொதலாளியை தீப்பெட்டி ஆபீஸ்ல போயிப் பாத்தோம். எரநூறு பொம்பளைங்க தரையில வரிசையா உக்காந்து பெட்டி ஒட்டுதாவ, ஒருத்தி கூட தல நிமிரல. மருந்து வாடை தொண்டையில நிக்குது. மொதலாளி எனக்கு நாற்காலி போடச் சொன்னாரு. நாற்காலி போட்டா கைநாட்டு கேப்பாவன்னு எங்கூர்ல சொல்லுவாவ. கையை முந்தானைக்குள்ள வச்சிக்கிட்டேன்.

"நல்ல வேலைக்காரன்மா உங்கண்ணன். ஆனா, சுவருக்கு முட்டு குடுத்திருந்த கட்டையை எடுத்தது அவன்தான். நான் எடுக்கச் சொல்லல. பெரிய கொத்தனாருகிட்டயும் அவன் கேக்கல"ன்னாரு.

"எங்கண்ணன் அப்பிடிச் செய்யுத ஆளு கெடையாது."

"நீ போயிப் பாரும்மா. காவக்காரரு இருக்காரு, எல்லாத்தையும் காட்டுவாரு."

காயிதம் எதுவும் நீட்டல. அது எனக்கு இன்னும் சந்தேகமாப் போச்சு. வெளிய வந்ததும் சித்தப்பா சொன்னாரு, "தங்கமான மனுசன் ட்டி, எனக்கு சர்பத்து வாங்கிக் குடுத்தாரு."

"உங்களுக்கு சர்பத்து குடுத்தவன் எல்லாம் தங்கந்தான்"ன்னேன்.

மக்யா நாளு காலையில பஸ்ஸு ஏறுனோம். எட்டயபுரம் தாண்டிக் கொஞ்ச தூரத்துல டமார்னு நின்னுட்டு. கண்டக்டரு எறங்கிப் போயி அடியில படுத்தாரு. சுத்தி ஒரு மரம் கெடையாது. கறுப்பு மண்ணு, வானம், அவ்வளவுதான். நெலம் பூராவும் வெடிச்சிக் கெடக்கு, ஒரு வெடிப்புக்குள்ள என் கையி மொழங்கை வரைக்கும் போச்சு. சனம் பூராவும் பஸ்ஸோட நெழல்ல உக்காந்தாவ. நெழலு நகர நகர நாங்களும் நகந்தோம். பருத்தி மூட்டை வச்சிருந்த ஒரு பெரியவரு, "பஸ்ஸு நின்னாலும் நாம போய்க்கிட்டுத்தான இருக்கோம்"ன்னு சொல்லி எல்லாரையும் சிரிக்க வச்சாரு.

பக்கத்துல இருந்த பொம்பளை கேட்டா, "எங்க போறீய?"

நான் சொல்ல வேண்டாம்னு கண்ணைக் காட்டுதேன், சித்தப்பா சொல்லிட்டாரு. "காத்து பங்களாவுக்கு."

"அங்கனயா? சித்திரையில ஒரு வெளியூருக்காரப் பையன் செத்தாம்லா?" பொறவு அவ பக்கத்துல இருந்தவகிட்ட மெதுவாச் சொன்னா, "பாவம், மண்ணு தெரியாத பய."

அது என்ன பேச்சுன்னு எனக்கு வெளங்கல. செத்தவனையும் ஏசுதாவளேன்னு மட்டும் தோணுச்சு.

பங்களாவைப் பாத்ததும் நான் கேட்டது இதான்: தண்ணியே இல்லாத கம்மாயிக்கரையில எவனாவது கோடைக்கு வீடு கட்டுவானா? கம்மாயி காஞ்சு, பாளம் பாளமாக் கெடக்கு. கருவேல மரம் மொளைச்சு ஆடு மேயுது. கரையோட மேக்குக் கோடியில அந்த வெள்ளைக் கட்டடம் மட்டும் தனியா நிக்குது. அதுலருந்து பதினெட்டுப் படி கம்மாயிக்குள்ள எறங்குது. கடேசிப் படிக்குக் கீழ வெறும் மண்ணு. பலி குடுக்கத்தான் கட்டியிருக்கான்னு நெனச்சேன்.

காவக்காரரு பேரு பெருமாள்சாமி. அம்பது வயசு இருக்கும். அவரும் அவரு வீட்டம்மா வெங்கடம்மா அக்காவும் நம்மகிட்ட தமிழு பேசுதாவ, அவியளுக்குள்ள தெலுங்கு. நாங்க போயி உக்காந்ததும் ரெண்டு பேரும் அடுப்புப் பக்கம் நின்னு என்னையப் பாத்துப் பாத்து என்னமோ பேசுதாவ. அக்கா தலையை ஆட்டுதா, அவரு கையை விரிக்காரு. அண்ணனைப் பத்தித்தான் பேச்சு, பொய் சொல்ல ஒத்திகை பாக்காவன்னு எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சிட்டு. சித்தப்பா கழுகுமலைப் பக்கம் கெணறு வெட்டப் போனதுல கொஞ்சம் தெலுங்கு படிச்சவரு. "என்ன சொல்லுதாவ?"ன்னு காதைக் கடிச்சேன்.

"இந்தப் பிள்ளைக்குக் கம்பங்கூழு எறங்குமா, இல்ல குதிரைவாலி பொங்கவான்னு கேக்கா அவ. அவரு, கடக்கரைப் பிள்ளை, மீனில்லாம எப்பிடித் திங்கும்னு சொல்லுதாரு."

சித்தப்பா பொய் சொல்லுதாருன்னு நெனச்சேன். ஆனா கொஞ்ச நேரத்துல குதிரைவாலிச் சோறும் ஒரு கருவாட்டுத் துண்டும் வந்தது. அந்தக் கருவாட்டை எங்க வாங்கியாந்தாவளோ. தின்னேன். தண்ணிதான் உப்பு.

சாப்பிட்டதும் அண்ணன் பையைக் கொண்டாந்து வச்சாரு. கரண்டி இருந்தது, மட்டப்பலகை இருந்தது, ரெண்டு சட்டை தொவைச்சு மடிச்சு இருந்தது. தூக்குக்குண்டு இல்ல. பித்தளைக் குண்டு, சுவரு நேரா நிக்குதான்னு நூலுல கட்டித் தொங்கவிட்டுப் பாக்குதது. மொத தடவை கொத்து வேலை முடிச்சப்ப அவனே வாங்குனது. எங்களை ஒருத்தரையும் தொட விடமாட்டான்.

"குண்டு எங்க அண்ணாச்சி?"

அவரு எங்கயோ பாத்தாரு. "இருக்கும்மா. தாரேன்."

"எங்க இருக்கு?"

"மொதல்ல பங்களாவைப் பாத்துக்கோ."

கள்ளன் ஆம்பிட்டுட்டான்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

வாங்கன்னு உள்ள கூட்டிட்டுப் போனாரு. வெளிய அந்த வெயிலு, உள்ள போனா குளுகுளுன்னு இருக்கு. தேக்கு உத்தரம். அதுக்கு மேல செங்கலைக் குத்துக்குத்தா நிறுத்தி சுண்ணாம்பு போட்ட தளம். சுவரு சிப்பியோட உள்பக்கம் மாதிரி மினுங்குது, கன்னத்தை வச்சா சில்லுங்குது. சுண்ணாம்புல கடுக்காயும் முட்டை வெள்ளையும் கருப்பட்டித் தண்ணியும் சேத்து ஆட்டுனதாம். "கருப்பட்டி எந்தூருது தெரியுமா? உங்க உடன்குடியிலருந்து வண்டியில வந்தது"ன்னாரு. என்னைய மயக்குததுக்குச் சொல்லுதாருன்னு நெனச்சேன். ஆனா சித்தப்பா ஒரு மூலையில பேந்திருந்த காரையை எடுத்து நக்கிப் பாத்துட்டு, "நம்ம கருப்பட்டிதான்"னாரு. நூறு வருசத்துக் காரையில எந்தூருக் கருப்பட்டின்னு நாக்கு சொல்லுமா?

மேக்கால எட்டுப்பட்டையா ஒரு ரூமு, கருங்கல்லுத் தூணு மேல கம்மாயிக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்குது. சன்னலு தரையிலருந்தே ஆரம்பிக்குது, படுத்தா காத்து மூஞ்சியில அடிக்கும். அந்த ரூமுக்கு நேர் கீழ கம்மாயி மண்ணுக்குள்ள கல்லுக் கட்டுன கெணறு ஒண்ணு இருக்கு. ஊரு கம்மாயி காஞ்சாலும் அதுல தண்ணி கெடக்கும். ஆனி ஆடியில அடிக்குத மேலக்காத்து அந்தத் தண்ணியைத் தொட்டுட்டு மேல ஏறி சன்னலு வழியா வரும். நான் போனது ஆனி. கதவைத் தொறந்து விட்டாரு. அந்தக் காத்து வந்து மோதுனப்ப, காத்து பங்களான்னு ஏன் சொல்லுதாவன்னு தெரிஞ்சிட்டு. அண்ணன் மத்தியானச் சோத்தை இங்கன உக்காந்துதான் திம்பானாம்.

"ஜமீன்தாருக்கு ஒடம்பெல்லாம் வேக்குரு. வைத்தியரு தண்ணிக் கரையில படுக்கச் சொன்னாரு, அதுக்குக் கட்டுனது"ன்னாரு காவக்காரரு.

"சும்மா சொல்லாதீங்க. வீட்டுல சீட்டாட விடல, அதுக்குக் கட்டுனது"ன்னா வெங்கடம்மா அக்கா.

எனக்கு அக்கா சொன்னதுதான் நம்புத மாதிரி இருந்தது.

"இதுல ஒரு வெடிப்பு கூட இல்லையே அண்ணாச்சி, பின்ன எது விழுந்தது?"ன்னு கேட்டேன்.

அவரு பேசாம கெழக்க கூட்டிட்டுப் போனாரு. அடுக்களை. ஒரு பக்கச் சுவரு முழுசா இல்ல, கல்லும் செங்கலும் குமிச்சிக் கெடக்கு. அந்த எடத்தை நான் எழுதல. மிச்சம் நின்ன தெக்குச் சுவரோட மூலையில, மேலருந்து கீழ வரைக்கும் ஒரு வெடிப்பு, என் கையை நொழைக்கலாம். அந்த வெடிப்புக்கு முன்னால, மேலருந்து நூலுல தொங்கிக்கிட்டிருந்தது அண்ணனோட பித்தளைக் குண்டு.

"இதைத்தான் மறைச்சீங்களா?"ன்னு கேட்டேன்.

"மறைக்கலம்மா. தொங்கவிட்டேன். மிச்சச் சுவரு எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியணும்லா. இதுக்குப் பின்னால ஆடு கட்டுதோம். தெனமும் காலையில குண்டைப் பாத்துட்டுத்தான் ஆட்டை அவுப்பேன்." பொறவு சொன்னாரு, "அவன் சாகுததுக்கு முன்னாலயே பாத்திருக்கணும்."

"என்ன சொல்லுதீங்க?"

அப்பந்தான் சொன்னாரு. பெரிய வீட்டைக் கட்டுன ஜமீன்தாரு கரிசல் மண்ணை ரெண்டாளு ஆழம் தோண்டி எறிஞ்சுட்டு, வைப்பாத்து மணலை வண்டி வண்டியாக் கொட்டி, அந்த மணலு மேல கட்டுனாரு. கரிசலு அசையும், மணலு அசையாது. அடுக்களையை அவரு மகன் கட்டுனான். அவனுக்குப் பொறுமை இல்ல, கரிசலு மேலயே வச்சிட்டான். அதனால வருசா வருசம் கோடையில அடுக்களை வெடிக்கும். மழை பேஞ்சா மண்ணு ஊதி, வெடிப்பு மூடிக்கிடும். திரும்பக் கோடையில தொறக்கும்.

"உங்கண்ணன் கார்த்திகையில வந்தான். வெடிப்பு முக்காவாசி மூடியிருந்தது, மிச்சமும் தானா மூடுச்சு. மேல பூசுனான். தையில முட்டுக்கட்டையை எடுத்தான். நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"பாத்துக்கிட்டா இருந்தீங்க? சொல்லலையா?"

"மூடுனது தொறக்கும்னு இங்கன ஆட்டுக்குட்டிக்குக் கூடத் தெரியும்மா. கொத்தனாருக்குப் போயி அதைச் சொல்லுததா? நம்மளை விட அவனுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அவரு சொல்லுதது பொய்யின்னு சொல்ல வாயைத் தொறந்தேன். வரல. ஏன்னா பொங்கலுக்கு வந்தப்ப அண்ணன் எங்கிட்டச் சொல்லியிருந்தான். போளிப் பொட்டலத்தைப் பிரிச்சிக்கிட்டே சொன்னான், "ஏட்டி, அந்தச் சுவரு தானாப் பொருந்திட்டு. ஒரு ஆணி நொழையாது பாத்துக்க. எங்கையி பட்ட ராசி." நான் சிரிச்சேன். எங்க ஊருல மூணடி மணலைத் தோண்டிக் கல்லை வச்சா, அந்தக் கல்லு நம்ம பேரன் காலத்துக்கும் அப்பிடியே இருக்கும். சுவரு மூச்சு விடும்னு எங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

ஆனாலும் நான் முழுசா நம்பல. ஒரு வேள அண்ணன் தப்புன்னு முடிக்க மொதலாளியும் இவரும் சேந்து கட்டுன கதையா இருக்கலாம். மண்ணு ஊதி, கல்லுச் சுவரை நகத்துமா? கொண்டு போன ஓலைக் கொட்டான்லருந்து ஒரு ஓலையைக் கிழிச்சேன். வேற ஓலையை மாத்தி வச்சிரக்கூடாதுன்னு ஒரு நுனியில பல்லால மூணு கடி கடிச்சேன். அந்த நுனி வெளிய தெரியுத மாதிரி வெடிப்புக்குள்ள சொருகுனேன். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அசைச்சேன், லூசா ஆடுச்சு.

"இது மூடுச்சுன்னா எனக்குக் கார்டு போடுங்க."

"போடுதேன்."

குண்டை நான் எடுக்கல. அங்கனயே தொங்கட்டும்னு சொல்லிட்டு வந்தேன். சித்தப்பாவுக்கு ஆச்சரியம். எனக்கும்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மை கேட்டா, "யாரு?"

"இன்னும் தெரியல"ன்னேன். அவ சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்தா.

கார்த்திகை பாதியில கார்டு வந்தது. வேற யாரோ எழுதிக் குடுத்தது, எழுத்து அழகா இருந்தது. 'நீ வச்ச ஓலை உள்ள மாட்டிக்கிட்டு. எடுக்க வரல. நல்ல மழை.' மூணு வரிதான். கார்டுல எதை வேணும்னாலும் எழுதலாம். நேருல பாக்கணும்னேன். "ஏட்டி, உனக்குக் கடவுளே வந்து சொன்னாலும் ரேசன் கார்டு கேப்ப"ன்னு ஏசிக்கிட்டே சித்தப்பா கெளம்புனாரு.

அதே எடமான்னு எனக்கே சந்தேகம். ஆனியில கருகிக் கெடந்த நெலத்துல கம்பும் பருத்தியும் பச்சை. பஸ்ஸை விட்டு எறங்கி நாலு எட்டு வச்சதும் கரிசலு காலைப் புடிச்சிட்டு. செருப்பு ஒவ்வொண்ணும் ஒரு படி அரிசி கனம். ஒரு செருப்பு வாரு அந்துபோச்சு, கையில தூக்கிக்கிட்டு நடந்தேன். சித்தப்பா ரெண்டு தடவை உக்காந்துட்டாரு, விழலை, உக்காந்தேன்னுதான் சொன்னாரு.

கரையில ஏறுனதும் நின்னுட்டேன். கம்மாயி முழுக்கத் தண்ணி. பதினெட்டுப் படியில பதிமூணு உள்ள போயிட்டு. எட்டுப்பட்டை ரூமு தண்ணிக்குள்ள தலைகீழாவும் நிக்குது. அண்ணன் மொத மொதல்ல இதை இப்பிடித்தான் பாத்திருக்கான். கார்த்திகையில வந்தவன்லா. பாத்தா யாருக்குத்தான் சந்தேகம் வரும்.

அடுக்களைப் பக்கம் சத்தம் கேட்டது. புது ஆளு வேலை பாத்துக்கிட்டிருந்தாரு. முப்பது வயசு, செம்மண்ணு ஊருக்காரரு, பேச்சுலயே தெரிஞ்சது. விழுந்த சுவரைத் திரும்ப எழுப்பிட்டாரு. தெக்கு மூலையில சாத்தியிருந்த முட்டுக்கட்டையோட ஆப்பை சுத்தியலால தட்டி எளக்கிக்கிட்டிருந்தாரு. பெருமாள்சாமி அண்ணாச்சி பக்கத்துல நின்னு, "வேண்டாம்யா, வேண்டாம்யா"ன்னு கையைப் பெசையுதாரு.

என்னையக் கண்டதும், "நான் சொல்லிட்டேம்மா. இந்தத் தடவை மொத நாளே சொல்லிட்டேன். ஆட்டுக்காரன் பேச்சைக் கேட்டா நான் ஆடுதான் மேக்கணும்னு சொல்லுதாரு"ன்னாரு.

மூலையைப் பாத்தேன். அங்கன வெடிப்பு இருந்ததுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாவ. ஒரு மயிரு கனத்துக்குக் கோடு. அதுக்கு நடுவுல என் ஓலை நீட்டிக்கிட்டிருந்தது, நுனியில மூணு கடி. புடிச்சு இழுத்தேன். வரல. ரெண்டு கையால இழுத்தேன். வரல.

அங்கன நின்னு எவ்வளவு நேரம் அழுதேன்னு தெரியாது. தூக்குக்குண்டு அசையாம தொங்கிக்கிட்டிருந்தது.

புது கொத்தனாரு சுத்தியலைக் கீழ வைக்காம கேட்டாரு, "யாரும்மா நீ? இங்கன என்ன வேலை?" நான் கோவில்பட்டி டீக்கடைக்காரரைப் பாத்த மாதிரி, மொதலாளியைப் பாத்த மாதிரி, அப்பிடி ஒரு பார்வை.

"இதுல செத்தவன் தங்கச்சி. அந்தக் கட்டையை எடுக்காதீங்க அண்ணாச்சி."

"அதான் சுவரு பொருந்திட்டே."

"எங்கண்ணனும் அதைத்தான் சொன்னான். இதே சொல்லு." ஓலையைக் காட்டுனேன். "ஆனியில இதை நான்தான் வச்சேன். என் கையி உள்ள போச்சு. கடியைப் பாருங்க, என் பல்லைப் பாருங்க. இப்ப நீங்க இழுங்க."

அவரு நம்பல. பெருமாள்சாமி அண்ணாச்சியைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு, எல்லாரும் கூட்டு சேந்து வெளையாடுதோம்னு நெனச்சாரு போல. பொறவு கையைத் துண்டுல தொடச்சிட்டு வந்து இழுத்தாரு. நல்ல பலமான ஆளு. ஓலை பாதியில அந்து அவரு கையோட வந்தது. மிச்சம் சுவத்துக்குள்ள இருந்தது.

கையில இருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. கடிச்ச எடத்தைப் பெருவிரலால தடவுனாரு.

"எப்பத் தொறக்கும்?"ன்னாரு.

நான் பெருமாள்சாமி அண்ணாச்சியைப் பாத்தேன். "மாசியில கோடு பெருசாகும். சித்திரையில கையி போகும்"ன்னாரு அவரு.

கொத்தனாரு ஓலைத் துண்டை எங்கிட்டக் குடுத்தாரு. போயி கட்டைக்குக் கீழ குனிஞ்சு உக்காந்தாரு. எளக்குன ஆப்பைத் திரும்ப வச்சு அடிக்க ஆரம்பிச்சாரு. நாங்க கரையை விட்டு எறங்கி, சேத்துல காலை இழுத்து இழுத்து ரோட்டுக்கு வந்து சேருத வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தது. கடம்பூர்ல நான் அம்மைக்கு நாலு போளி வாங்குனேன், ஓலைத் துண்டை அதோட சேத்து முடிஞ்சிக்கிட்டேன்.